நூற்றி நாலு, கேன்டீன்

காலையில் வந்ததும் மேரிசெல்வி முதல் வேலையாகச் சர்வர் ரூமைக் கூட்டிவிடுவாள். இரண்டு நிமிட வேலை. ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு சாத்தி, செருப்பைக் கூட வெளியே விடச் சொல்லும் அறையில் கூட்டுவதற்கு என்ன கிடக்கப் போகிறது? கதவிடுக்கில் புகுந்த கரித்தூள் ஒரு சிட்டிகை இருந்தால் அதிகம். ஆனாலும் கூட்டுவாள். காண்ட்ராக்ட் ரோலில், அதாவது ஆள் பட்டியலில், அவள் பெயருக்கு நேரே 'துப்புரவு' என்று இருக்கிறது. ரோலில் இருக்கிற வேலையை இவள் செய்யவே இல்லை என்று நாளைக்கு ஒருவரும் விரல் நீட்டிவிடக் கூடாது. துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். அதற்குப் பிறகு சாயங்காலம் ஐந்து மணிவரை அவள் செய்கிற வேலைக்கு ரோலில் பெயரே கிடையாது.

தென்பெண்ணை சர்வீசஸ் என்பது நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்ட் கம்பெனி. நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அந்த நானூறு பேரும் வந்து போவது, ஸ்டோரில் பூட்ஸும் ஹெல்மெட்டும் வாங்குவது, ஷிப்ட் பஸ்ஸில் யார் எந்த வண்டி என்பது, எல்லாம் அந்த அறையில் இருக்கும் ஒரே ஒரு கறுப்புப் பெட்டிக்குள்தான் நடக்கிறது. ஒரு பெட்டி, உள்ளே ஆறு கம்ப்யூட்டர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சைமன்ராஜ் இதை முதன்முதலில் சொன்னபோது மேரிசெல்வி நம்பவில்லை. அவன் அப்போது கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள். இவள் நிஜமாகவே கூட்ட வந்தவள். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். அவனும் திறந்து காட்டினான். எண்ணிப் பார்த்தாள். ஆறு இல்லை.

"கண்ணுக்குத் தெரியாதுக்கா. ஒரே மெஷின் தன்னை ஆறு மெஷின்னு நெனச்சிகினு இருக்குது. விர்ச்சுவல் மெஷின்னு பேரு."

"அப்ப பொய் மெஷினா தம்பி?"

"பொய் இல்லக்கா. அதான் வேலை செய்யுதே."

அந்தப் பதில் அவளுக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை. ஆனால் வேலை விளங்கிவிட்டது. சைமன்ராஜ் லீவு போட்ட நாட்களில் இதை அமுக்கு அதை அமுக்கு என்று போனில் சொன்னதில் ஆரம்பித்தது. நேரத்துக்கு வருகிற ஒரே ஆள் அந்த ஆபீஸில் அவள்தான். பிறகு ஒரு மெஷினை அணைப்பது, எழுப்புவது, புதிதாக ஒன்றை உண்டாக்கி இவ்வளவு மெமரி, இவ்வளவு இடம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது வரை வந்துவிட்டாள். பண்ருட்டி அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். வடக்குத்து கிராமத்தில் வீடு. புருஷன் பவுல்ராஜுக்குச் சுரங்கத்தில், கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதை அள்ளிப்போடும் காண்ட்ராக்ட் வேலை. மஸ்கட்டில் நல்ல இடம் கிடைத்து சைமன்ராஜ் கிளம்பினபோது, தற்காலிகமாக நீ பார்த்துக்கொள் என்றார் மேனேஜர் கருணாகரன். அந்தத் தற்காலிகத்துக்கு இந்த மார்கழியோடு ஆறு வருடம்.

போவதற்கு முன்னால் சைமன்ராஜ் இரண்டு காரியம் செய்தான். ஒன்று, பெட்டிக்குள் நுழைய அவள் பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து கொடுத்தான். "என் பேர்ல பூந்து எதுவும் பண்ணாதக்கா. ஏதாச்சும் ஆச்சுன்னா மஸ்கட்டுக்கு வந்து என்னைக் கேப்பாங்க." இன்னொன்று, செய்ய வேண்டியதையெல்லாம் நோட்டுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். தினமும் எட்டு மணி ஷிப்டு தொடங்குவதற்குள் 'கேட்' மெஷினை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மத்தியானம் மக்கர் பண்ணும். இது முதல் வரி. கடைசி வரி: எதையும் அழிக்கும் முன் அணை. யாராவது கத்துகிறார்களா என்று பார். ஒரு வாரம் யாரும் கத்தாவிட்டால் அழி.

பெயர்கள்தான் பெரிய குழப்பம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண், ஒரு பெயர்: நூறு கேட், நூற்றி ஒன்று ஸ்டோர், அப்புறம் மெயில், ட்ரெயினிங், கேன்டீன், டெஸ்ட். ஸ்டோர் என்ற மெஷினில் ஸ்டோர் இல்லை, அது ட்ரெயினிங்கில் இருக்கிறது. டெஸ்ட் என்று அசட்டையாகப் பெயர் வைத்ததில்தான் ஷிப்ட் பஸ் லிஸ்ட் ஏழு வருடமாக ஓடுகிறது. ஏனென்று கேட்டால், "அப்ப அதுதாங்க்கா சும்மா இருந்துச்சு" என்பான் சைமன்ராஜ். எந்த ஆள் சும்மா இருந்தானோ அவன் தலையில் வேலையைக் கட்டுவது மனிதர்களிடம் மட்டும் இருக்கிற பழக்கம் என்று அவள் நினைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. ரோலில் ஒரு வேலையும் நிஜத்தில் வேறு வேலையும் பார்க்கிறவர்கள், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அத்தாட்சியோடு எழுதிக் கொடுத்தால், பார்க்கிற வேலையின் பெயரிலேயே ரோலை மாற்றுவதாகக் கடலூர் தலைமை ஆபீஸ் சொல்லியிருந்தது. யூனியன்காரர்கள் இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தினதன் பலன். குறைந்தது இருநூற்று நாற்பது நாள் அந்த வேலையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். தவறினால் இன்னொரு தடவை கிடையாது.

மேரிசெல்வி படிவத்தை வாங்கி அன்றே பூர்த்தி செய்துவிட்டாள். அவள் மகள் பள்ளிக்கூடப் படிவத்தில் 'தாயின் பணி' என்ற இடத்தை வருடா வருடம் காலியாக விட்டுக் கொடுப்பாள். அதைப் பற்றி அம்மாவும் கேட்டதில்லை, மகளும் சொன்னதில்லை. அதனால் இந்தப் படிவத்தில் 'தற்போது பார்க்கும் பணி: சர்வர் பராமரிப்பு' என்பதை மேரிசெல்வி எழுத்தெழுத்தாக அழுத்தி எழுதினாள். ஆதாரத்துக்கும் அவளிடம் குறைவில்லை. சர்வர் ரூம் கதவு விரல் வைத்தால்தான் திறக்கும். அவள் விரலுக்கு மட்டும்தான் திறக்கும். ஆறு வருடம், ஒவ்வொரு நாளும், எத்தனை மணிக்கு உள்ளே போனாள் என்று கதவு எழுதி வைத்திருக்கிறது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. கதவு சம்பந்தப்பட்டது கேட் மெஷினில்தானே இருக்கும்? வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு பெட்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை, அதற்குள்ளே கேட் நின்றது. டிஸ்க் நிரம்பிவிட்டது, எழுத இடமில்லை என்றது. வெளியே கேட்டில் நானூறு பேர் விரலை வைத்துக்கொண்டு நின்றார்கள். எட்டு மணி ஷிப்டு. கருணாகரன் வேட்டியைப் பாதி மடித்துக் கட்டியபடி கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து தட்டினார். மேரிசெல்வி கதவைத் திறந்து விட்டாள்.

"என்னாச்சு மேரி? வெளிய சத்தம் கேக்குதா ஒனக்கு?"

"எடம் இல்லீங்க சார். எதையாவது ஒண்ணத் தூக்குனாதான் கேட் எந்திரிக்கும்."

"தூக்கு. எது சும்மா கெடக்கோ அதத் தூக்கு."

அவள் பட்டியலைப் பார்த்தாள். இந்த ஆறில் எது சும்மா கிடக்கிறது என்று தெரிந்தவன் மஸ்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். போன் எடுக்கவில்லை. டெஸ்ட் என்றால் பஸ். ட்ரெயினிங் என்றால் ஸ்டோர். மெயிலைத் தொட்டால் தலைமை ஆபீஸே எழுந்து வரும். பெயரைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் நூற்றி நாலு, கேன்டீன்? கேன்டீன் மூடி இரண்டு வருடம். மூடின அன்று அதைக் கூட்டிப் பெருக்கினதே அவள்தான். அண்டாவையும் பெஞ்சுகளையும் லாரியில் ஏற்றினதைக் கண்ணால் பார்த்தவள். இப்போது அங்கே பழைய டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெயரை நம்ப வேண்டாம், கண்ணை நம்பலாம் அல்லவா? டிஸ்க்கில் கால்வாசி இடத்தை அது வேறு பிடித்துக்கொண்டிருந்தது.

அப்படியும் அவள் அவசரப்படவில்லை. சுவரில் இருந்ததைச் செய்தாள். முதலில் கேன்டீனை அணைத்தாள். யாராவது கத்துகிறார்களா என்று பார்த்தாள். ஸ்டோருக்குப் போன் போட்டாள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பஸ் ஷெட்டுக்குப் போட்டாள், அங்கேயும் ஒன்றும் இல்லை. செக்யூரிட்டி தங்கராசைக் கேட்டாள். கேட்டைத் தவிர எல்லாம் ஓடுவதாகச் சொன்னார். ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லியிருந்தான் சைமன்ராஜ். வெளியே நானூறு பேர். பத்து நிமிடம் காத்திருந்தாள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு ஜீவனும் கத்தவில்லை.

அழி என்று சொன்னாள். நிச்சயமாக வேண்டுமானால் எண்ணை அடி என்றது. ஒன்று, பூஜ்யம், நாலு. கேன்டீன் பட்டியலிலிருந்து போயிற்று. கேட்டை எழுப்பினாள். எழுந்தது. வெளியே 'ஓ' என்று ஒரு சத்தம், பிறகு செருப்புக் கால்களின் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கருணாகரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பொழச்சோம்" என்றார். அவளைப் பாராட்டினாரா, தன்னைப் பாராட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை. டீ குடித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

டீ குடித்துவிட்டு வந்து கதவில் விரலை வைத்தாள். சிவப்பு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. இடது கை விரலை வைத்தாள். நின்று யோசித்துவிட்டு மறுபடி வலது கை.

"வெரல்ல கரி ஒட்டிகினு இருக்கும், நல்லா தேய்ச்சி கழுவிட்டு வா" என்றார் தங்கராசு.

"நான் எங்கண்ணே கரி அள்ளுறேன்?"

"அப்ப கதவுக்குத்தான் என்னாவோ ஆயிப்போச்சு."

கதவுக்கு என்னவோ ஆகிவிட்டது. கருணாகரன் மேஜை இழுப்பறையிலிருந்து சாவியை வாங்கிவந்து திறந்தாள். நேரே போய் உட்கார்ந்து கேட் மெஷினுக்குள் நுழைந்து, கதவின் பதிவைத் தேடினாள். மெயின் கேட் இருந்தது. பின் கேட் இருந்தது. லாரி கேட் இருந்தது. சர்வர் ரூம் கதவு இல்லை. இரண்டாம் முறை மேலிருந்து கீழே தேடினாள். மூன்றாம் முறை கீழிருந்து மேலே. அப்போதுதான் சைமன்ராஜ் போனில் வந்தான். தூக்கக் குரல்.

"தம்பி, சர்வர் ரூம் கதவு எந்த மெஷின்ல இருக்குது?"

"கேன்டீன்லக்கா."

"கதவு எப்பிடி தம்பி கேன்டீன்ல இருக்கும்?"

"கேன்டீன்ல சாப்பாட்டு டோக்கனுக்கு வெரல் வெக்கிறதுக்கு ஒரு சாப்ட்வேர் வாங்கியிருந்தம்ல? கதவும் வெரல்தான? அதுலயே சேத்து வுட்டேன். தற்காலிகமா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "நீ கதவத் தொறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒம் பேருக்கு ஒரு சாப்பாடுன்னு விழும். ஆறு வருசத்துல எத்தினி ஆயிரம் சாப்பாடு சாப்ட்டியோ. ஏன்க்கா, என்னாச்சு?"

அவள் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது.

"பேக்கப் இருக்குமே?"

"கேன்டீன் மூடியாச்சு, பேக்கப் தேவையில்லைன்னு நீதான தம்பி போறதுக்கு முன்னாடி தாள்ல எழுதி ஒட்டுன? இதோ எதிர்ல செவுத்துல இருக்குது. இரு, கேன்டீன் மூடுனது ரெண்டு வருசம் முன்னாடி. நீ போய் ஆறு வருசம் ஆச்சு." சொல்லிக்கொண்டே தாளை உற்றுப் பார்த்தாள். அந்த ஒரு வரி மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தது. அவள் கையெழுத்து. கேன்டீன் மூடின அன்று அவளே கடைசியில் சேர்த்தது. "இல்ல தம்பி," என்றாள். "நான்தான் எழுதியிருக்கேன்."

பத்து நிமிடம் ஏன் யாரும் கத்தவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மெஷினைப் பயன்படுத்தியது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள். கத்த வேண்டிய அந்த ஒரு ஆள், கதவுக்கு உள்ளே வசதியாக உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் கத்துகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

ரோலில் துப்புரவு என்று எழுதிக்கொண்டு சர்வரை ஓட்டுகிறவள், கேன்டீன் என்று எழுதியிருந்ததை நம்பிவிட்டாள். வேறு யார் இப்படி ஏமாந்திருந்தாலும் அவளே கேலி செய்திருப்பாள். அவமானம் பிடுங்கியது. அழுகையும் வந்தது, ஆனால் கருணாகரன் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, அழாத. ஸ்கிரீன்ல கீழ ஒரு பட்டை இருக்கும் பாரு," என்றான் சைமன்ராஜ். "பெட்டிக்குள்ள யாரு, என்னிக்கு, என்னா பண்ணாங்கன்னு பெட்டியே எழுதிகினு இருக்கும். நீ அழிச்சது நெசமாவே கேன்டீன்தானான்னு ஒரு தடவ பாத்துக்க."

பார்த்தாள். மேலேயே இருந்தது. வியாழன், எட்டு இருபத்தொன்று, மேரிசெல்வி, நூற்றி நாலு, அழிப்பு. வேறு யாரும் இல்லை. போனை வைத்துவிட்டு, ஒன்றும் தோன்றாமல் கீழே தள்ளிக்கொண்டே போனாள். புதன், ஏழு நாற்பத்தாறு, மேரிசெல்வி, நூறு, மறுதொடக்கம். செவ்வாய், ஏழு நாற்பத்து நாலு, மேரிசெல்வி, நூறு, மறுதொடக்கம். திங்கள். சனி. அதற்கு முந்திய வெள்ளி. ஒவ்வொரு நாளும் அவள் கேட்டை அணைத்துப் போட்டது, அவள் பெயரோடு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு காலமும் தன் காலடியிலேயே இதை எழுதிக்கொண்டு ஒரு பெட்டி உட்கார்ந்திருந்ததா என்று அவளுக்குத் தலை சுற்றியது. பிரிண்டருக்கு அனுப்பினாள். பதினேழு பக்கம். எண்ணினாள். மிகப் பழையதைப் பெட்டி வைத்திருக்கவில்லை, ஆனாலும் முந்நூற்று முப்பத்தொரு நாள்.

கருணாகரன் உள்ளே வந்து முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். அவர் மதுரைப் பக்கத்து ஆள், கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"இங்கன பாரு மேரி. மெஷின் ஒண்ணு அழிஞ்சுபோச்சுன்னு தலைமை ஆபீஸுக்கு நான் ரிப்போர்ட் கொடுத்தே ஆகணும். கரண்டு போய் வந்துச்சு, தானா அழிஞ்சிருச்சுன்னு எழுதிடுறேன். ஒன்னைய யாரும் கேக்க மாட்டாக. ரோல்ல நீ துப்புரவு. கூட்ட வந்த பொம்பள சர்வரை அழிச்சான்னு சொன்னா எவன் நம்புவான்?"

"அப்ப என் ஃபாரம் சார்?"

"நாளைக்குக் கொடு. இந்தப் பேப்பரையே கொடு. முதல் பக்கத்த மட்டும் எடுத்துரு. புதன்கிழமை வரைக்கும் கொடு."

வீட்டில் பவுல்ராஜும் அதையேதான் சொன்னான். "சார் சொல்றதுதான் சரி. வாயத் தொறக்காத. கூட்டுறவள்னா வுட்டுடுவாங்க. கம்ப்யூட்டர்க்காரின்னா புடிச்சிக்குவாங்க."

அவளுக்குக் குழப்பம் தீரவில்லை. புதன்கிழமை வரை கம்ப்யூட்டர், வியாழக்கிழமை மட்டும் துப்புரவு, வெள்ளிக்கிழமை மறுபடி கம்ப்யூட்டரா? ஆறு வருடமாக நல்லது நடந்தபோதெல்லாம் அவள் பெயர் எங்கும் வரவில்லை. தப்பு நடந்த அன்றும் வராது என்கிறார்கள். அது சலுகையா, அவமரியாதையா? பவுல்ராஜைக் கேட்டாள். "எனக்குத் தூக்கம் வருது" என்றான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடலூரிலிருந்து பிரபாவதி மேடம் வந்து படிவங்களை வாங்க உட்கார்ந்தார். பணியாளர் பிரிவு அதிகாரி. கண்ணாடியை மூக்கின் நுனியில் இறக்கிப் பார்ப்பவர், முகத்தில் ஒன்றும் தெரியாது. மேரிசெல்வி வரிசையில் நின்று படிவத்தையும் பதினேழு பக்கத்தையும் வைத்தாள். முதல் பக்கம் முதலில் இருந்தது. பக்கத்தில் நின்ற கருணாகரன் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது கம்ப்யூட்டர் பிரிண்ட். யார் வேணும்னாலும் அடிச்சுக் கொண்டுவரலாம்," என்றார் பிரபாவதி. "கையெழுத்து, சீல் இருக்கிற பேப்பர் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க மேடம். கதவுல இருந்துச்சு. அழிஞ்சுபோச்சு."

"அழிஞ்சுபோச்சுன்னா?" விரல் அந்த அழிப்பு வரியில் நின்றது. "இது யார் அழிச்சது? மேனேஜர் ரிப்போர்ட்ல கரண்டு போய் தானா அழிஞ்சதுன்னு இருக்கே."

மேரிசெல்வி கருணாகரனைப் பார்த்தாள். அவர் ஜன்னலில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வியாழக்கிழமையையும் சேர்த்தால்தான் தான் ஒரு முழு ஆள் என்று தோன்றியது.

"நான்தாங்க மேடம் அழிச்சேன். மூடுன கேன்டீன்தானன்னு நெனச்சி அழிச்சிட்டேன். தானால்லாம் அழியல."

பிரபாவதி பேனாவை மூடினார். "அப்ப விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தாகணுமே," என்றார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். டைப் அடிக்கிறவரைக் கூப்பிட்டார். "துப்புரவுப் பணியாளரான தாங்கள், வியாழக்கிழமை அன்று, சர்வரில் இருந்த மெஷினை..." என்று சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தினார். கண்ணாடிக்கு மேலாகக் கருணாகரனைப் பார்த்தார். "சார், துப்புரவுப் பணியாளரை சர்வர்கிட்ட விட்டது யாருன்னு அடுத்த மெமோ உங்களுக்கு வருமே?"

கருணாகரன் ஜன்னலை விட்டு மேஜைக்கு இரண்டே எட்டில் வந்தார்.

"மேடம், மேடம், துப்புரவுன்னு போடாதீக. அவங்க எங்க கூட்டுறாக? முழு நேரமும் சர்வர்தான். சர்வர் பராமரிப்புன்னு போடுங்க."

"புதுசா வந்தவங்களா? தெரியாம பண்ணினதா? அப்படின்னா சொல்லிக்கொடுக்காதவங்க தப்பு."

"புதுசா? ஆறு வருசம் மேடம்! எல்லாம் அத்துபடி. மெஷினை உண்டாக்குறது, பிரிக்கிறது, எல்லாம் தெரியும். நான் பக்கத்துலகூடப் போறதில்ல. முழுக்க அவங்க பொறுப்புதான். அதையும் போட்டுக்குங்க."

டைப் அடிக்கிறவர் போட்டுக்கொண்டார். பிரபாவதி ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். கருணாகரனும் சாட்சியாகப் போட்டார். கம்பெனி சீல் விழுந்தது. மேரிசெல்வி நகலில் கையெழுத்துப் போட்டு மெமோவையும், ஆதாரம் போதாதென்று திருப்பிக் கொடுத்த படிவத்தையும் வாங்கினாள். மணி நாலு பத்து. வெளியே வேப்ப மரத்தடியில் நின்று படித்தாள்.

'கடந்த ஆறு ஆண்டுகளாகச் சர்வர் பராமரிப்புப் பணியை முழுப் பொறுப்பில் கவனித்துவரும், விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்கவும் நிர்வகிக்கவும் போதிய அனுபவம் பெற்ற தாங்கள், உரிய முன்னெச்சரிக்கையின்றி நூற்றி நான்கு என்ற எண்ணுள்ள மெஷினை அழித்தது ஏன் என்பதற்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும்.'

இரண்டு தரம் படித்தாள். திட்டுகிறார்கள் என்பது தெரிந்தது. அப்புறம் ஏன் சிரிப்பு வருகிறது என்பது தெரியவில்லை. மூன்றாவது தரம் படிக்கும்போதுதான் சட்டென்று ஓடத் தொடங்கினாள். மெயின் பஜார் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். அண்ணே அண்ணே என்று கெஞ்சி முன்னால் புகுந்தாள்.

"மெமோவையா ஜெராக்ஸ் எடுக்கற?" என்றார் கடைக்காரர். "அஞ்சு காப்பி வேற. ஊருக்கெல்லாம் குடுக்கப் போறியாம்மா?"

"ஆமாங்க," என்றாள். விளக்கிச் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

நாலு ஐம்பதுக்குத் திரும்பிவந்து, படிவத்தின் பின்னால் மெமோவின் நகலைக் குத்தி, பிரபாவதியின் மேஜையில் வைத்தாள். 'இணைக்கப்பட்ட அத்தாட்சி' என்ற இடத்தில் 'குறிப்பாணை' என்று எழுதியிருந்தாள். டைப் அடிக்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மெமோவ யாராச்சும் அத்தாட்சியா வெப்பாங்களா?" என்று வாயைப் பிளந்தார். கருணாகரன் வாங்கிப் படித்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். நேற்றிலிருந்து மேரிசெல்வி பட்ட குழப்பம் மொத்தமும் இப்போது அவர் முகத்துக்கு இடம் மாறியிருந்தது.

பிரபாவதி மட்டும் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "கையெழுத்து இருக்கு. சீல் இருக்கு," என்று சொல்லி, 'பெறப்பட்டது' முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"மேடம்," என்று தயங்கினாள் மேரிசெல்வி. "நீங்க தெரிஞ்சேதான்..."

"மூணு நாள்ல விளக்கம் வரணும். லேட் ஆச்சுன்னா அதுக்குத் தனி மெமோ. அடுத்தது யாரு?"

சர்வர் ரூமின் கதவு பூட்டாமல் இருந்தது. விரலை அடையாளம் தெரியாத கதவுக்கு அவள் துடைப்பத்தைத்தான் காலையில் முட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதை நகர்த்தாமல் தாண்டி உள்ளே போய், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விளக்கம் எழுதினாள். தவறு என்னுடையதே என்று தொடங்கினாள். பத்து நிமிடம் காத்திருந்ததையும், கத்த வேண்டிய ஆள் உள்ளே இருந்ததையும் எழுதினாள். இனி பெயரைப் பார்த்து எதையும் அழிக்க மாட்டேன், உள்ளே நுழைந்து பார்த்துவிட்டே அழிப்பேன் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே 'சர்வர் பராமரிப்பு' என்று எழுதினாள்.